முறைசாரா மின்கழிவுப் பட்டறைகள்: பூட்டுவதா, சேர்த்துக்கொள்வதா?

#1 சுழல்விளக்கு

சென்ற வாரம் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய இழையில் ஒருவர், "வளரும் நாடுகளின் நகரங்களில் மின்கழிவைக் கையால் பிரிப்பவர்கள்தான் உலகின் உண்மையான மறுசுழற்சியாளர்கள், அவர்களுக்குச் சிலை வைக்க வேண்டும்" என்று எழுதினார். இருபது பேர் கைதட்டினார்கள். அங்கே மறுத்தால் இழை தடம் மாறிவிடும் என்று இங்கே வந்தேன்.

சிலை வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஈயத்தில் வார்க்கலாம். அந்த இடங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை.

மண் மாதிரி எடுத்துச் சோதிக்கும் வேலையில் காலம் கழித்தவன் நான். கேபிள் எரித்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். தரை எண்ணெய்க் கறுப்பாக இருக்கும். மழை பெய்தால் குட்டையின் மேல் வானவில் நிறத்தில் ஏடு மிதக்கும். செருப்பு நுனியால் கிளறினால் தலைமயிர் கனத்தில் செம்புக் கம்பி மின்னும். கேபிளின் மேலுறை பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. உள்ளே இருக்கிற செம்பு, எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாவதைத் தூண்டிவிடுகிறது. டையாக்சின் தயாரிக்க வேண்டும் என்று திட்டம் போட்டாலும் இதைவிடத் தோதான சேர்க்கை அமையாது.

கானாவின் தலைநகர் அக்ராவில் அக்பொக்புளோஷி என்று ஒரு பழைய பொருள் திடல் இருந்தது. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு முட்டை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்கு வகுத்த டையாக்சின் வரம்பைப்போல 220 மடங்கு. சீனாவின் குவாங்தோங் மாகாணத்துக் குய்யூவில் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் ஈயம் இருப்பதாக 2007-இல் ஆய்வு வந்தது. ஐந்தைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்து என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் சர்க்யூட் போர்டை எரித்த சாம்பலை ராம்கங்கை ஆற்றங்கரையில் அலசினார்கள்.

இத்தனையும் செய்து போர்டில் இருக்கும் தங்கத்தையாவது முழுதாக எடுக்கிறார்களா? போர்டை ஆசிட்டில் போட்டுத் தங்கம் எடுக்கும் பெங்களூர்ப் பட்டறைகளில் 2000-களில் அளந்து பார்த்தபோது நான்கில் ஒரு பங்குக்கு மேல் தேறவில்லை. நவீன உலை 95 சதவீதம் எடுக்கிறது. பட்டறையில் மிச்சமெல்லாம் சாக்கடைக்கு.

என் நிலை இதுதான்: பூட்டு போடுங்கள். பிழைப்பு போகும் என்ற வாதம் வரும் என்று தெரியும். கல்நார் ஆலைகளை மூடச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

#2 பழையகம்பி

சிலை என்று எழுதியது நான்தான். ஈயச் சிலை என்ற கேலியை ஏற்றுக்கொள்கிறேன்; பாதி நியாயம் இருக்கிறது.

பிரிப்புப் பட்டறையில் பதினோரு ஆண்டு இருந்தேன். இப்போது பழுதுபார்க்கும் மேசை வைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் எனக்கு உறுத்துவது, "பட்டறை" என்ற ஒரே சொல்லில் ஏழு தொழிலை மூட்டை கட்டிவிட்டீர்கள் என்பது. வீடு வீடாகப் போய் வாங்குகிறவர் ஒருவர். அவரிடம் எடைபோட்டு எடுக்கிற வியாபாரி இன்னொருவர். ஓடுமா ஓடாதா என்று பார்க்கிறவர், ஓடாததை ஓட்டுகிறவர், தேறாததைப் பிரிக்கிறவர். கடைசியில்தான் கேபிள் எரிக்கிறவரும் ஆசிட் தொட்டிக்காரரும் வருகிறார்கள். நீங்கள் சொன்ன கொடுமை எல்லாம் அந்தக் கடைசிப் படியில் நடப்பவை. ஆனால் பூட்டு போடச் சொல்வது முதல் படியில்.

என்னோடு வேலை செய்த ஒருவரிடம் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் மூடி கழன்றுவிடும். எஃகுத் தண்டு ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். பிளாஸ்டிக்கை நகத்தால் சுண்டி, சத்தத்தை வைத்தே ஏபிஎஸ்ஸா பாலிஸ்டைரினா என்று சொல்வார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் நெருப்பு காட்டி மணம் பார்ப்பார். (அதுவும் புகைதான், சரி.) இந்தக் கண்ணும் காதும் உள்ள ஆளைக் காவலர் வைத்து விரட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைக்கிற இயந்திரத்தைக் கொண்டுவருவதற்குப் பெயர் முன்னேற்றமா?

இன்னொன்று. கப்பலில் வருவதெல்லாம் குப்பை என்ற எண்ணம். நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்தில் 2015-16-இல் ஆட்களை நிறுத்தி எண்ணிப் பார்த்தார்கள். வந்த பழைய சாதனங்களில் ஓடாதவை குறைந்தது 19 சதவீதம் என்று தெரிந்தது. கானாவுக்கு 2009-இல் வந்த பழைய சாதனங்களில் சரிசெய்யவே முடியாதவை சுமார் 15 சதவீதம். மிச்சத்தில் ஓடாதவற்றை எங்களைப் போன்றவர்கள் ஓடவைத்தோம். புதிது வாங்கக் காசில்லாத மாணவன் கையில் கணினி வந்தது அப்படித்தான்.

#3 மருந்துச்சீட்டு

குழந்தை மருத்துவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு செய்தி.

கடைசிப் படியில்தான் விஷம் என்று பழையகம்பி சொல்வது சரியில்லை. போர்டிலிருந்து சில்லுகளைக் கழற்றச் சூடு வேண்டும். சில்லைப் போர்டில் ஒட்டவைக்கும் பழைய ஈய-வெள்ளீயச் சால்டர் 183 டிகிரியில் உருகும். அது "பிரிப்பு" வேலை என்றுதான் உங்கள் கணக்கில் வரும். பழைய தொலைக்காட்சியின் பிக்சர் டியூப் உடைப்பதும் பிரிப்புதான். அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஈயம். நெருப்பே இல்லாவிட்டாலும் தூசு இருக்கிறது. அது சட்டையில், தலைமுடியில், செருப்பில் ஏறி வீட்டுக்குப் போகிறது. பட்டறைப் பக்கமே போகாத இரண்டு வயதுக் குழந்தை தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கிறது. உள்ளே போன ஈயத்தைப் பெரியவர் உடல் ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கு குழந்தையின் உடல் ஏற்கும். அது போய்ச் சேருகிற இடம் எலும்பும் மூளையும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

முறைசாராக் கழிவுத் துறையில் வேலை செய்யும் பெண்கள் 1.29 கோடிப் பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கணக்கு. அவர்களில் எத்தனை பேர் அந்த நேரத்தில் கருவுற்றிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "கையுறை கொடுத்தால் போதும்" என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

#4 பழையகம்பி

மருத்துவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் போர்டைக் குறட்டால் பிடித்து, சால்டர் பளபளவென்று வியர்க்கிற நேரம் பார்த்து டிரம் விளிம்பில் ஓங்கித் தட்டினால் சில்லுகள் பொலபொலவென்று உதிரும். அதைச் செய்தவன் நான். சட்டையோடு வீட்டுக்குப் போனவனும் நான்தான்.

ஆனால் ஒன்று: 2006-க்குப் பிறகு ஐரோப்பா ஈயமில்லாத சால்டரைக் கட்டாயமாக்கியதே, அது உருக 217 டிகிரி வேண்டும். ஈயம் குறைந்தது, புகை கூடியது. எங்களைக் கேட்டா செய்தார்கள்?

#5 உலைவாய்

முறையான ஆலையில் உலோகவியல் பகுதியில் வேலை. எங்கள் பக்கத்துக் கதையையும் யாராவது சொல்ல வேண்டும். எல்லோரும் எங்களைத் தேவதைகளாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சுழல்விளக்கு சொன்ன 95 சதவீதம், உலைக்குள் போன போர்டுக்கு. உலைக்குப் போவதற்கு முன்னால் என்ன ஆகிறது? ஜெர்மனியில் ஒரு முன்செயலாக்க ஆலையில் கணக்குப் பார்த்து 2009-இல் ஆய்வு வெளியிட்டார்கள். அரைக்கும் இயந்திரத்தில் போட்ட சாதனங்களின் தங்கத்தில் 25.6 சதவீதம்தான் மீட்கக்கூடிய பகுதிகளில் வந்து சேர்ந்தது. மிச்சம் இரும்போடும் பிளாஸ்டிக்கோடும் தூசோடும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அதாவது ஆசிட் தொட்டிக்காரர் பின்வாசலில் தொலைக்கிற தங்கத்தை நாங்கள் முன்வாசலில் தொலைக்கிறோம். பழையகம்பி சொன்ன கையும் காதும் எங்கள் தொழிலுக்கு உண்மையிலேயே தேவை.

இதை வைத்து ஒரு திட்டமே உண்டு. பிரிப்பதை உள்ளூரில் கையால் செய்வது, போர்டை மட்டும் பெல்ஜியத்தின் ஹோபோக்கன் மாதிரி ஓர் உலைக்கு அனுப்புவது. "இரு உலகின் நல்லதையும் எடுப்பது" என்று பெயர் வைத்தார்கள். காகிதத்தில் யாருக்கும் நட்டமில்லை.

நடைமுறையில் அது ஏன் தடுக்கிவிழுகிறது என்று சொல்கிறேன். பிரிப்பவர் கையில் ஒரு சாக்குப் போர்டு இருக்கிறது. உலைக்கு டன் கணக்கில் வேண்டும். பத்து வியாபாரிகளிடம் சேர்த்தாலும், போர்டு அபாயகரமான கழிவு என்பதால், அத்தகைய கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கைப்படி அனுப்பும் நாடு, வாங்கும் நாடு, கப்பல் தொடும் நாடு எல்லாவற்றிடமும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். மாதங்கள் ஓடும். போய்ச் சேர்ந்த பிறகு சரக்கை அரைத்து, மாதிரி எடுத்து, உருக்கி, தங்கம் எவ்வளவு என்று சோதித்து, கூலியைக் கழித்துக்கொண்டுதான் பணம். ஆசிட் தொட்டிக்காரர் என்ன செய்கிறார்? சாக்கைத் தூக்கிப் பார்க்கிறார், உள்ளே கையை விட்டுத் துழாவுகிறார், காசை எண்ணிக் கொடுக்கிறார். சாயங்காலம் அடுப்பு எரிய வேண்டிய வீட்டில் எந்த விலை பெரிய விலை?

தங்கத்தில் முக்கால் பங்கைச் சாக்கடையில் விடுகிற ஆள், உலைக்கு வந்த போர்டிலிருந்து கிட்டத்தட்ட முழுதாக எடுக்கிற எங்களைவிடப் போட்டியில் ஜெயிப்பது இப்படித்தான்.

#6 தராசு

ஆசிட் தொட்டிக்காரர் ஜெயிப்பதற்கு உலைவாய் சொன்ன ரொக்கம் பாதிக் காரணம்தான். மறுபாதி, அந்தத் தொட்டிக்காரர் எதற்கெல்லாம் செலவு செய்யவில்லை என்பது.

ஒரு பழைய தொலைக்காட்சியை எடுத்துக்கொள்வோம். செம்புச் சுருளும் போர்டும் காசு. ஈயக் கண்ணாடி தண்டம்; அதை யாரும் வாங்க மாட்டார்கள், பாதுகாப்பாகப் புதைக்கக் கூலி கொடுக்க வேண்டும். முறைசாரா வியாபாரி செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் காலி மனையில் கொட்டிவிடுகிறார். ஆலை இரண்டையும் சுமக்கிறது. அதனால் ஆலை கொடுக்கும் விலை எப்போதும் குறைவு. மூடினாலும் சேர்த்துக்கொண்டாலும் இந்த இடைவெளி அப்படியே நிற்கும். அதை யாராவது நிரப்ப வேண்டும். இந்த இழையில் இதுவரை யாரும் அதைப் பேசவில்லை.

சீனா 2012-இல் ஒரு நிதி அமைத்தது. தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஏசி, கணினி ஆகியவற்றைத் தயாரிப்பவரிடம் தொகை வாங்கி, உரிமம் பெற்ற பிரிப்பு ஆலைக்கு ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். சரக்கு ஆலைப் பக்கம் திரும்பியதற்கு அந்தத் தொகை பெரிய காரணம். புத்திமதிக்கு அதில் பங்கு குறைவு.

இந்தியாவில் உற்பத்தியாளர் பொறுப்பு, அதாவது தயாரித்தவரே கழிவுக்கும் பொறுப்பு என்பது, 2011 விதிகளிலேயே வந்துவிட்டது. 2022-இல் எழுதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய விதிகளைப் பாருங்கள். பழைய விதிகளில் சேகரிப்பு மையம், பிரிப்பவர் என்று தனி வகைகள் இருந்தன. புதியதில் அவை இல்லை. உற்பத்தி செய்பவர், சந்தையில் விற்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என நான்கே பதிவு. பழையகம்பியின் நண்பர் எந்த வரிசையில் நிற்பார்? உற்பத்தியாளர் மறுசுழற்சி செய்பவரிடம் வாங்க வேண்டிய சான்றிதழுக்குக் குறைந்தபட்ச விலை வைத்ததும் பெரிய நிறுவனங்கள் சில நீதிமன்றம் போயின. இடைவெளியை நிரப்பச் சொன்னால் இதுதான் பதில்.

#7 ஒருவரிக்காரன்

இரண்டு வருடத்துக்கு ஒரு போன் மாற்றிவிட்டு இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறோம். வாழ்க.

#8 தராசு

உண்மைதான். ஆனால் எல்லோரும் ஐந்து வருடம் வைத்திருந்தாலும் கடைசியில் ஒருநாள் அது யாரோ ஒருவர் கைக்குத்தான் போகும். 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது; அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான்.

#9 சுழல்விளக்கு

நிறைய வந்துவிட்டது. ஒவ்வொன்றாக.

பழையகம்பி: ஏழு தொழில் என்ற பிரிவினையை ஒப்புக்கொள்கிறேன், தாளில். தரையில் அவை ஒரே முற்றத்தில் நடக்கின்றன. மழை பெய்தால் ஆசிட் தொட்டியிலிருந்து வழிந்தது, சல்லடை போட்டுப் பிரிக்கிறவர் கால் வழியாகத்தான் ஓடுகிறது. மாதிரி எடுக்கப் போனால் எந்தக் குழி யாருடையது என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

குளிர்சாதனப் பெட்டியை இன்னும் ஒருவரும் தொடவில்லை. அதைப் பிரிக்கும்போது கம்ப்ரஸரின் குழாயை என்ன செய்வீர்கள் என்று பழையகம்பியிடம் கேட்கிறேன். கடைசிப் படிக்கு முந்தைய படிகளில் தீங்கில்லை என்று சொன்னவர் அவர்தானே.

உலைவாய்: ஆலையும் தொலைக்கிறது என்றால் ஆலையைத் திருத்துவோம். அது பட்டறையைத் திறந்து வைக்கக் காரணம் ஆகாது. எங்கள் வீட்டிலும் ஒழுகுகிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட முடியுமா?

#10 பழையகம்பி

கம்ப்ரஸர் கேள்விக்கு நேர்ப் பதில்: வெட்டுவோம். பக்கவெட்டுக் குறடால் ஒரு நறுக்கு. உஸ்ஸென்று ஐந்தாறு நொடி. குளிர்ந்த காற்று விரல் மேல் அடிக்கும், வெயில் நாளில் சுகமாக இருக்கும். அது என்ன வாயு என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. இப்போது தெரியும். பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12, கரியமில வாயுவைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும். எத்தனை பெட்டி வெட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்கத்தான் முயல்கிறேன்.

ஆனால் அந்த வாயுவைப் பிடித்து உருளையில் அடைக்கிற கருவி எந்தப் பட்டறைக்கும் எட்டாத வானத்துப் பொருள் அல்ல. குளிர்சாதன மெக்கானிக்குகள் வைத்திருக்கிறார்கள். பிடித்த வாயுவை எடுத்துக்கொண்டு காசு கொடுக்க ஓர் ஆள் இருந்தால் மறுநாளே நாங்கள் பிடித்திருப்போம். தராசு சொன்ன இடைவெளி இதிலும் நிற்கிறது.

பூட்டு பற்றிப் பேசுவோம். நீங்கள் முதலில் எடுத்துக்காட்டிய அக்பொக்புளோஷியை 2021 ஜூலையில் அரசு இடித்துத் தள்ளியது. உங்கள் ஆசை நிறைவேறிய இடம் அது. என்ன நடந்தது? வியாபாரிகள் சிதறினார்கள். ஓடாவ் ஆற்றுக்கு அக்கரையில், குடிசைகளுக்கு நடுவே, வேலை மறுபடி தொடங்கியது. முன்பு ஒரு திடலில் இருந்த புகை இப்போது வீடுகளுக்கு இடையில். அதற்கு முன்னால் அங்கே நடந்துகொண்டிருந்த பயிற்சி, மருத்துவ முகாம், கம்பி உரிக்கும் இயந்திரம் எல்லாம் யாரைத் தேடிப் போவது என்று தெரியாமல் நின்றன.

#11 சுழல்விளக்கு

அரைகுறையாகப் பூட்டியதால் வந்த வினை அது. மாற்று இடம் கொடுக்காமல் இடித்தார்கள். குய்யூவைப் பாருங்கள். தொழில்பூங்கா கட்டி, 2015 கடைசிக்குள் எல்லோரும் உள்ளே வர வேண்டும், வெளியே நடத்தக் கூடாது என்றார்கள். தெருவில் போர்டு வறுப்பது நின்றது. பூட்டும் வேண்டும், பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவும் வேண்டும். இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "பூட்டு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியது என் அவசரம்.

#12 தராசு

குய்யூவில் அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்கள் வாடகை கட்ட முடிந்தவர்கள். பட்டறை வைத்திருந்த குடும்பங்களில் கொஞ்சம் முதல் சேர்த்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கூலிக்கு வந்த வெளியூர்க்காரருக்கு அங்கே என்ன இருந்தது?

அதோடு சீனா 2018-இல் வெளிநாட்டுக் கழிவுக்குக் கதவை அடைத்ததும் சரக்கு காற்றில் கரைந்துவிடவில்லை. தாய்லாந்துக்குத் திரும்பியது. அதே ஆண்டு அங்கே ஆலைகளில் சோதனை, பறிமுதல் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. ஒரு நாடு பூட்டினால் அடுத்த நாட்டின் முற்றத்தில் அடுப்பு பற்றிக்கொள்கிறது.

#13 மருந்துச்சீட்டு

குய்யூ ஆய்வைப் பற்றி ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும், சுழல்விளக்குக்கு அது பிடிக்காமல் போகலாம். அதே 2007 ஆய்வில் ஒப்பிடுவதற்காகப் பக்கத்து ஊரான சென்தியனையும் எடுத்தார்கள். அங்கே மின்கழிவு வேலை கிடையாது. குழந்தைகளின் ரத்தத்தில் சராசரி ஈயம் டெசிலிட்டருக்கு 9.9 மைக்ரோகிராம். அதுவும் முதல் பதிவில் வந்த ஐந்தைப்போல இரண்டு மடங்கு. ஈயம் காற்றில் வந்ததா, தண்ணீரில் வந்ததா, வேறு வழியா என்பது தனிக் கேள்வி. ஊருக்கு நடுவில் சுவர் எழுப்பினால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். தொழில்பூங்காவுக்கும் இது பொருந்தும்.

#14 உலைவாய்

அதைத் தொடர்ந்து நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உலகமே உதாரணம் காட்டும் ஹோபோக்கன் உலைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் 2020-இல் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனையில் ஈயம் ஏறியிருந்தது தெரிந்தது. அளவு குய்யூ அளவுக்கு இல்லை. ஆனாலும் நிறுவனம் அடுத்த ஆண்டு, மிக அருகில் இருக்கும் வீடுகளை விற்க விரும்புகிறவர்களிடம் வாங்கிக்கொண்டு அந்த இடத்தைப் பசுமைப் பகுதியாக்கப் போவதாக அறிவித்தது.

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே ஆண்டுதோறும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஏறினால் தெரிகிறது. தெரிந்தால் பதில் சொல்ல ஒரு முகவரி இருக்கிறது. ஆசிட் தொட்டிக்கு முகவரி இல்லை. நான் முறையான ஆலையின் பக்கம் நிற்பதற்கு இந்த ஒரு காரணம்தான். தங்கத்தின் சதவீதக் கணக்கை நானே மேலே உடைத்துவிட்டேன்.

#15 பழையகம்பி

முகவரி என்ற சொல் பிடித்திருக்கிறது. ஆனால் முகவரி வேண்டும் என்று நாங்கள் போனால் எங்கள் பெயரைப் பதிய வகையே இல்லை என்று தராசு மேலே எழுதியிருக்கிறார். பெயரில்லாதவன் என்று சொல்லித் திட்டுகிறீர்கள், பெயர் எழுத நோட்டு மட்டும் கொடுக்க மாட்டீர்கள்.

ஆசிட் வேலையை நான் தூக்கிப் பிடிக்கவில்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொட்டகைக்கு மூன்றாவது கொட்டகை அது. போர்டின் தங்கப்பூச்சுள்ள விளிம்புப் பற்களை மட்டும் கத்திரியால் நறுக்கி வாங்குவார். தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான இராஜதிராவகத்தில் போட்டதும் செம்பழுப்பு நிறத்தில் புகை கிளம்பும்; நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடுவோம். அவர் போக மாட்டார். கடைசியில் தொட்டியின் அடியில் படிவது பார்க்கச் சேறு மாதிரி இருக்கும். தங்கம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதை வெண்காரம் தூவி உருக்கினால்தான் மஞ்சள் மணி உருளும். அவருக்கு வாசனை தெரியாது. மூக்கு போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. நாங்கள் யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

அந்த மனிதரிடம் போய் "நாளை முதல் இந்தப் பற்களை நறுக்கி எங்களிடம் கொடுங்கள், அதே காசு, அதே சாயங்காலம்" என்று யாராவது சொல்லியிருந்தால் தொட்டியை அவரே கவிழ்த்திருப்பார். சொல்லத்தான் யாரும் வரவில்லை. சோதனைக்கு வந்தவர்கள்தான் வந்தார்கள்.

#16 தராசு

அக்ராவில் ஜெர்மனியின் உதவியோடு இதை ஓரளவு முயன்றார்கள். எரிக்காத கேபிளைக் கொண்டுவந்தால் எடைக்கு ஊக்கத்தொகை. கேபிளை எரித்துச் செம்பாக்கி விற்பதைவிட அப்படியே கொடுப்பது லாபமாக இருக்கும்படி விலை வைப்பதுதான் அதன் சூட்சுமம். செம்பின் விலை லண்டன் சந்தையில் ஏறினால் ஊக்கத்தொகையையும் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மறுநாள் புகை. வெறும் உரிக்கும் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போன முயற்சிகள் தடுமாறியதும் இதனால்தான். தடித்த கேபிளுக்கு இயந்திரம் சரி. சன்னமான பின்னல் கம்பியை உரிக்கப் பாதி நாள் ஆகும். தீ வைத்தால் ஐந்து நிமிடம்.

அதனால் என் கணக்கு: வாங்கும் மேசை வேண்டும், அதில் தினமும் ரொக்கம் வேண்டும், உலையிலிருந்து பணம் வருகிற மாதக்கணக்கான இடைவெளியைத் தாங்க முதல் வேண்டும். அந்தப் பணத்தை உற்பத்தியாளரிடம் வாங்க வேண்டும்.

#17 சுழல்விளக்கு

தராசின் மேசைக்கு ஒப்புக்கொள்கிறேன். பிரிப்பவரைப் பதிவு செய்வதற்கும். அடுப்பும் ஆசிடும் கேபிள் தீயும் மட்டும் தடை. மற்ற படிகளுக்கு உரிமம். முதல் பதிவில் நான் எழுதியதிலிருந்து இது வெகுதூரம், தெரிகிறது.

ஆனால் எது முதலில் என்பதில் நான் இறங்கி வர மாட்டேன். தடைக்குத் தேதி முதலில் குறிக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் மேசை எந்தக் காலத்திலும் வராது. "இன்னும் ஏற்பாடு ஆகவில்லை" என்று இன்னொரு பத்து வருடம் புகை போகும்.

#18 பழையகம்பி

நான் அதற்கு நேர்மாறு. தேதி முதலில் வந்தால் தேதிதான் நிறைவேறும். இடிப்பதற்கு ஒரு நாள் போதும், மேசை போட ஆட்களும் பணமும் வேண்டும். சுலபமானதைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். அக்ராவில் பார்த்தோமே.

மேசை வந்து மூன்று மாதம் தவறாமல் காசு கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் யாராவது தொட்டி வைத்திருந்தால் நானே வந்து அடையாளம் காட்டுகிறேன்.

#19 மருந்துச்சீட்டு

நீங்கள் இருவரும் வரிசை பேசுகிற அந்த மாதங்களில் தரையில் ஏற்கெனவே கிடக்கிற ஈயத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? தொட்டியைக் கவிழ்த்தாலும் அது மண்ணில்தான் இருக்கும். மக்கிப்போகிற பொருள் இல்லை அது.

#20 சுழல்விளக்கு

மேல்மண்ணை வெட்டி எடுப்பது, சுத்தமான மண்ணைக் கொட்டி மூடுவது, சில இடங்களில் பாஸ்பேட் கலந்து ஈயத்தைக் கட்டிப்போடுவது. மூன்றுக்கும் செலவும் சிக்கலும் வெவ்வேறு. பாஸ்பேட் அதிகமானால் பக்கத்துக் குளம் பாசி பிடிக்கும். இந்த இழையில் எழுதினால் புதைந்துவிடும். நாளைக்குத் தனியாகத் தொடங்குகிறேன். பழையகம்பி, உங்கள் பழைய கொட்டகையின் படம் ஒன்றை ஞாபகத்திலிருந்து வரைந்து தர முடியுமா? அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரிந்தால் போதும். மாதிரி எங்கிருந்து எடுப்பது என்பதிலிருந்தே எழுதலாம்.

#21 பழையகம்பி

தருகிறேன். தண்ணீர் பள்ளிக்கூடச் சுவர்ப் பக்கம் ஓடும்.